ஹனீபா காக்காவின் டிராகனும் முகம் காட்டாத பிள்ளைகளும்

ஹனீபா காக்கா மௌத்தாகிவிட்டார் என்று அவருடைய மருமகன் தொலைபேசியில் சொன்னபோது நான் நம்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. முன்பொரு தேர்தல் காலத்தில், பதாகை எழுதித் தரச் சொல்லி ஒரு கட்சிக்காரர் விடாமல் துரத்தியபோது, "ஆள் மௌத்தெண்டு சொல்லி அனுப்புடா" என்று இதே மருமகனைத்தான் அவர் வாசலுக்கு அனுப்பினார். அந்தக் கட்சிக்காரர் இறந்தவரைப் போர்த்தும் கபன் துணியோடு திரும்பி வந்து நின்ற கதை ஊருக்கே தெரியும். ஆகவே இந்த முறையும், "யாரும் தேடி வந்திரிக்காங்களா?" என்றுதான் கேட்டேன். மறுமுனையில் மருமகன் அழுதார். சிறிது நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெயரை வாசித்தார்கள். அதற்குமேல் சந்தேகப்பட இடமில்லை.

அவரைப் பலருக்கும் கடைப் பெயர்ப்பலகை எழுதுபவராகத்தான் தெரியும். ஆனால் கல்முனைக்குடியில் ஒரு காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு அவர் டிராகன் காக்கா. சிறுவர்களுக்கான டிராகன் சாகசக் கதைகளை நான் எழுதினேன். அவர் படம் கீறினார். எங்கள் கடலுக்கு அடியில் பகல் முழுக்கத் தூங்கி, மாலை அசர் தொழுகைக்குப் பிறகு சோம்பல் முறித்து எழும்பும் டிராகன் அது. அதன் முதுகில் ஏறித் தீவு தீவாகத் திரிந்த பிள்ளைகள்தான் கதையின் நாயகர்கள். அந்த நாயகர்களின் முகத்தை எந்தப் புத்தகத்திலும் யாரும் பார்த்ததில்லை. ஹனீபா காக்கா அவர்களை முதுகுப் பக்கமாக மட்டுமே கீறினார்.

முதல் புத்தகம் வந்ததும் பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் ஒருவர் அதைக் கையில் சுருட்டிக்கொண்டு காக்காவின் பெயர்ப்பலகைக் கடைக்கு வந்தார். உயிருள்ளவற்றை உருவமாகக் கீற மார்க்கத்தில் இடமுண்டா என்பது அவர் கேள்வி.

"டிராகன் உயிருள்ள சாமானா மரைக்கார்?" என்று காக்கா கேட்டார்.

"அப்பிடி ஒண்டு உலகத்தில இல்லியே."

"அப்ப அதக் கீறலாம். மொகம் இல்லாட்டி உருவமில்ல. புள்ளைகளுக்கு மொகம் இரிக்கா, பாருங்க."

மரைக்கார் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முகம் இல்லை. வந்த வேகத்தில் திரும்பவும் மனமில்லாமல், தன் பேரனுக்கென்று ஒரு புத்தகம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மரைக்காருக்குப் போதுமாக இருந்த பதில் எனக்குப் போதவில்லை. நான் பிறவியிலேயே சந்தேகக்காரன். இப்போதுதான் கரைக்கு வந்த மீன் என்று யார் சொன்னாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். இந்த மனிதருக்கு முகம் கீற வராது, அதை மறைக்கத்தான் மார்க்கத்தைச் சொல்கிறார் என்று எனக்குள் ஒரு எண்ணம். ஒருநாள் கேட்டும்விட்டேன். அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டே, "ஒனக்குக் கதைய முடிக்கத் தெரியாதெண்டு ஊரெல்லாம் சொல்லுது. நான் எப்பயாச்சும் கேட்டனா?" என்றார்.

முதுகுகளை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. கடை, கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையின் முனையில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அவரைத் தாண்டிக் கடலுக்கு ஓடுவார்கள். ஓடுகிற பிள்ளை எது திரும்பிப் பார்த்தது? கிழிந்த சட்டைக் கொலர், அவிழ்ந்த பின்னல், எண்ணெய் வழியும் பிடரி எல்லாம் அப்படியே படத்தில் இருக்கும்.

யுத்தம் நடந்த அந்த நாட்களில் சந்தேகம் எனக்கு மட்டும் உரிய சொத்தாக இருக்கவில்லை. டிராகனுக்குப் பச்சை பூசினால் ஒரு கட்சி, நீலம் பூசினால் இன்னொரு கட்சி என்பார்கள் என்பதால் அட்டையில்கூட அது கறுப்பு வெள்ளையாகவே பறந்தது. அப்படியும் தப்ப முடியவில்லை. அக்கரைப்பற்றுக்குப் புத்தகக் கட்டோடு போனபோது சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் டிராகனின் வயிற்றிலிருந்த கோடுகளில் விரலை வைத்து, "இது புலி?" என்று கேட்டார். காக்கா வெகு பணிவாக, "புலிக்குச் சிறகு இல்ல சேர்" என்றார். கட்டை வாங்கி வைத்துவிட்டு, மாலையில்தான் திருப்பித் தந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், ஒன்று குறைந்தது. மேலிடத்துக்குப் போயிருக்கும் என்றேன் நான். அந்தச் சிப்பாய் தன் பிள்ளைக்கு எடுத்திருப்பான் என்றார் அவர். அடுத்த புத்தகத்தில் டிராகனுக்குக் கோடுகள் இல்லை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் ஊருக்குள் வந்தது. கடையும் போனது, ஒழுங்கையும் போனது. அதில் ஓடிய பிள்ளைகளில் பலரும் போனார்கள். அகதி முகாமாகிப்போன பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய பிள்ளைகள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு சிறுமி என்னைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்து, "அண்டைக்கு டிராகன் எங்க போன?" என்று கேட்டாள். எழுதியவன் நான், காக்காவைத் திரும்பிப் பார்த்தேன். ஹனீபா காக்கா குந்தி உட்கார்ந்து, "அதுவும் பயந்து ஓடித்தான் தப்பின, மகள்" என்றார். அவள் அதை நம்பினாள். அதன் பிறகு அவர் கீறிய டிராகன் எல்லாவற்றுக்கும் கண்ணில் கொஞ்சம் பயம் இருந்தது.

கடலுக்கு எட்டாத சவளக்கடையிலிருந்து அரிசி கொண்டுவந்தவர்கள் எங்கள் பழைய புத்தகம் ஒன்றையும் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்திருந்தார்கள். அதை ஆசியா பார்த்துவிட்டார். ஒழுங்கையில் காக்காவின் கடைக்கு அடுத்த வீடு. ஒரே மகன் றிஸ்வியைக் கடலுக்குக் கொடுத்தவர். டிராகனின் கழுத்தில் உட்கார்ந்திருந்த சிறுவனின் உச்சந்தலையில் விரலை வைத்தபடி அவர் காக்காவிடம் ஓடிவந்தார்.

"இந்த ரெட்டைச் சுழி எண்ட றிஸ்விட. தலைக்குத் தண்ணி ஊத்தக்குள்ள எல்லாம் இதச் சொல்லித்தான் ஏசுவன். வீட்ட இரிந்த போட்டோ ஒண்டும் இல்ல காக்கா. இவன இஞ்சால திருப்பிக் கீறித் தாங்க."

"ஏலா தங்கச்சி."

"பாவமெண்டா எனக்கு வரட்டும்."

"அதில்ல. நான் கீறினா அது நான் நினைக்கிற மொகம். நாள் போகப் போக ஒங்களுக்கு அதுதான் றிஸ்வியாகிரும். ஒங்கள்ட்ட இரிக்கிறத நான் அழிச்சிப் போடுவன்."

ஆசியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கீற வராட்டி வராதெண்டு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அப்போது ஆசியாவின் பக்கம்தான்.

யுத்தம் முடிந்தது என்று வெடி கொளுத்திய பிறகு நாங்கள் மறுபடி புத்தகம் போட்டோம். இனி டிராகனுக்கு நிறம் பூசலாமே என்றேன். "கொஞ்ச நாள் பாப்பம்" என்றார். கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு புத்தகத்திலும் அந்த இரட்டைச் சுழிப் பையன் டிராகனின் கழுத்தில் இருந்தான். ஒவ்வொரு புத்தகத்தையும் ஆசியா ஆள் அனுப்பி வாங்கினார். காக்காவின் புதிய கடைப் பக்கம் மட்டும் வரவில்லை.

காக்காவின் ஜனாஸா அடக்கத்தன்று அந்த ஆசியாவை மையித்து வீட்டு வாசலில் கண்டபோது எனக்கு வியப்பு. முந்தானையால் முகத்தை ஒற்றியபடி அவரே சொன்னார்.

"போன நோன்புக்குப் பிறகு நானே வந்தன் தம்பி. றிஸ்விட மொகம் மறந்து போகுது காக்கா, பயமா இரிக்கெண்டு அழுதன். தாள் எடுத்துக் கீறினார். கண், மூக்கு, வாய் எல்லாம் வடிவா வந்த. பாத்தவுடன கோவம் வந்திட்டு. இது எண்ட புள்ள இல்ல, அவன்ட மூக்கு இப்பிடியா, சிரிச்சா இடப்பக்கம் கோணுமே எண்டு கத்தினன். 'அப்ப எப்பிடி இரிக்கும், சொல்லுங்க' எண்டார். சொல்லிக்கொண்டே போனன். சொல்லச் சொல்ல எண்ட புள்ள முழுசா வந்து முன்னால நிண்டிட்டான். காக்கா பென்சில வெச்சிட்டுத் தாளக் கிழிச்சிப் போட்டார்." பிறகு, "நல்ல மனிசன், பாவம். மொகம்தான் கீற வராது" என்றார்.

அவரை அடக்கிவிட்டு வந்ததிலிருந்து நான் அந்தக் கிழிந்த தாளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உச்சந்தலைச் சுழியை வைத்துப் பிள்ளையைத் தாய்க்கு அடையாளம் காட்டிய கைக்கு, தினமும் எதிரே கண்ட அடுத்த வீட்டுப் பிள்ளையின் மூக்கு மட்டும் எப்படித் தப்பிப்போகும்? அவருக்கு முகம் கீற வராது என்று இன்று ஆசியா உறுதியாக நம்புகிறார். இத்தனை காலம் அதையே நினைத்துத் திரிந்த எனக்கு அது நம்பும்படியாக இல்லை. ஹனீபா காக்காவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது இந்த ஒரு சந்தேகத்தைத்தான். இதை யாரும் தீர்த்துவைக்க வர வேண்டாம்.