மூன்றாவது மாடிக்கு ஒரு மெத்தை

பெண்கள் விடுதிக்குள் ஆண்கள் ஏற வேண்டியிருந்தால், விடுதியில் வேலை செய்கிற அக்கா ஒருவர் முன்னால் விசில் ஊதிக்கொண்டே போவார். குழாய் ரிப்பேருக்கு வருகிறவர், கட்டில் தூக்கி வருகிறவர், யாராக இருந்தாலும் இதுதான் வழக்கம். விசில் கேட்டதும் பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். என் மகளைச் சேர்த்துவிட்ட அன்று அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் மூன்றாவது மாடி ஏறியபோதும் அப்படித்தான் ஊதினார்கள். நான் கூச்சத்தில் தரையைப் பார்த்தபடியே நடந்தேன். பின்னால் சிரித்துக்கொண்டே வந்த என் மகள், "நீ இன்னா திருடனாப்பா? நிமிந்து நட" என்றாள்.

அந்த ஒரு நாள்தான் தகப்பன்மாருக்கு மேலே போக அனுமதி. அதன் பிறகு கீழே பார்வையாளர் அறையோடு சரி.

நாங்கள் படப்பையில் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறோம். பல்கலைக்கழகம் ரொம்ப தூரம் இல்லை. ஆனாலும் ஒரே அறையில் டிவியும் தையல் மெஷினும் ஓடிக்கொண்டிருந்தால் பிள்ளை எப்படிப் படிக்கும் என்று கேட்டு, என் மனைவிதான் விடுதியில் சேர்க்கச் சொன்னாள். எனக்குப் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஐந்தாவதோடு நின்றவன். ஒரகடத்தில் கார் சீட் செய்கிற கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். பத்துப் பேர் கூடினால் பேச்சு வராது. லைனில் என்னை 'ஊமை' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன்.

கம்பெனியில் டீயோடு ஒரு கடலை மிட்டாய் தருவார்கள். காகிதத்தில் சுற்றிய தட்டையான வில்லை. நான் அதைத் தின்றதே இல்லை. சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன். சின்ன வயதிலிருந்தே என் மகள் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பையில் கை விட்டு எடுத்துவிடுவாள். அவள் விடுதிக்குப் போன பிறகும் கொண்டுவருவதை நான் விடவில்லை. மனைவி ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பாள்.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் பூட்டி வைத்துவிட்டுப் போக வேண்டும். அன்று ஷிப்டு முடிந்து போனை வாங்கியபோது மனைவியிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால்கள். கூப்பிட்டேன். எடுத்ததும் அழுதாள்.

"பக்கத்து ரூம் பொண்ணு போன் பண்ணிச்சுய்யா. பாப்பா ரூம விட்டே வெளிய வர்லியாம். கிளாசுக்குப் போவலியாம், துன்னவும் இல்லியாம். போன ஆப் பண்ணி வெச்சிகினு கீது. எதனா பண்ணிக்கப் போவுதுய்யா. நீ வூட்டுக்கு வராத, நேரா அங்க போ."

என் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி, எழுந்து நடக்கவே சிரமப்பட்டுக்கொண்டிருந்த நேரம். இல்லையென்றால் அவளே ஓடியிருப்பாள். தாய் என்றால் மாடிக்கும் விடுவார்கள்.

அந்தப் பக்கத்து அறைப் பெண்ணின் நம்பரை வாங்கி ஷேர் ஆட்டோவில் இருந்தபடியே பேசினேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. "அங்கிள், நாங்க எவ்வளவோ கூப்பிட்டுட்டோம். கதவத் திறக்க மாட்டேங்கா. மெஸ்ஸுல இருந்து சாப்பாடு கொண்டு வச்சா அப்படியே இருக்கு. பரீட்சையில எல்லாம் போயிட்டுன்னு ஒரு நாள் சொன்னா. அதுக்கப்புறம் பேச்சே இல்ல."

எனக்கு அது தெரியாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் "கிளாஸ் புரியுதா பாப்பா?" என்று கேட்பேன். "எல்லாம் புரியுதுப்பா" என்பாள்.

பல்கலைக்கழகத்தின் பெரிய கேட்டில் கம்பெனிச் சாம்பல் உடுப்போடு போய் நின்றேன். காவலாளி போனைப் பார்த்தபடி, "பேரன்ட்டா? ஸ்டூடன்ட் அவங்க போன்ல இருக்கற ஹாஸ்டல் ஆப்ல ஓகே பண்ணாதாண்ணே உள்ள விடுவோம்" என்றார்.

"அது போன சுவிட்ச் ஆப் பண்ணி வெச்சிகீதுங்க."

"அப்ப எப்பிடி ஓகே பண்ணும்?"

"அதாங்க..." என்றேன். 

என் முகத்தைப் பார்த்து அவருக்கே என்னவோ போல ஆகியிருக்க வேண்டும். மாணவர் உதவி மையம் என்று ஓர் இடத்துக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். ஒரு மேடம் பேசினார். நல்ல குரல்.

"அப்பா, பதறாதீங்க. எங்க ஆள் போய் கதவத் தட்டிப் பார்த்தாங்க. நல்லாதான் இருக்கேன், தனியா விடுங்கன்னு உங்க பொண்ணு உள்ளேர்ந்து சொல்லியிருக்காங்க. அதுக்கு மேல அவங்க சம்மதம் இல்லாம நான் எதுவும் சொல்லக் கூடாது. அவங்க மேஜர் இல்லையா? சாயங்காலம் வார்டன் மேடம் வந்ததும் பேசி உங்கள உள்ள கூப்பிடறேன். அது வரைக்கும் அங்கயே உக்காருங்க."

"சரிங்க மேடம்" என்றேன். கதவை உடையுங்கள் என்று கத்தியிருக்க வேண்டும். எனக்குக் கத்தத் தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே சிமென்ட் திண்டில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் காபி டம்ளரோடு சிரித்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். உள்ளே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறதா என்று காது அந்தப் பக்கமே இருந்தது.

அப்போது மெத்தைகள் ஏற்றிய, குட்டி யானை என்கிற சின்ன லாரி ஒன்று என் பக்கத்தில் வந்து நின்றது. முன்னால் இருந்த சூப்பர்வைசர் என் உடுப்பைப் பார்த்து, சுமை தூக்க வரவேண்டிய ஆள் என்று நினைத்துக் கத்தினார். "யோவ், இங்க குந்திகினு கீறியா? அவனவன் சரக்கு கேட்ல உன்னத் தேடிகினு கீறான். லேடீஸ் ஹாஸ்டலுக்கு மெத்தைய யாரு தூக்குவா, உங்கப்பனா?"

நான் அந்த ஆள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். லேடீஸ் ஹாஸ்டல் என்ற சொல் காதில் விழுந்ததும் வாயை மூடிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

சரக்கு கேட்டில் ஆப்பும் கேட்கவில்லை, ஓகேவும் கேட்கவில்லை. ஓர் ஆரஞ்சு ஜாக்கெட்டைத் தூக்கிப் போட்டார்கள். மாட்டிக்கொண்டேன்.

மூன்றாவது மாடிக்கு யார் என்று கேட்டபோது நான் முந்திக்கொண்டு மெத்தையைத் தலையில் ஏற்றினேன். விசில் அக்கா முன்னால் போனார். "ஜென்ட்ஸ் வராங்க! கதவ சாத்திக்கங்கம்மா! ஜென்ட்ஸ்!" பட், பட் என்று கதவுகள் மூடின. மெத்தை முகத்தை மறைத்ததால் எனக்குத் தரை மட்டும்தான் தெரிந்தது. தண்ணீர் மெஷினைத் தாண்டி இடது பக்கம் என்பது பெட்டி தூக்கி வந்த நாளிலிருந்தே நினைவில் இருந்தது.

என் மகளின் கதவு முன்பே சாத்தித்தான் இருந்தது. வாசலில் மூடி போட்ட தட்டு ஒன்று, எறும்பு ஏறிக் கிடந்தது. மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதவில் காதை வைத்தேன். உள்ளே விசிறி தடையில்லாமல் சுற்றுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"இன்னாண்ணே, அங்க இன்னா வேல? கடைசி ரூமுக்குத்தான மெத்த?" என்று அக்கா ஓடி வந்தார்.

"இது எம் பொண்ணு ரூமுங்க."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணா? பொண்ணப் பாக்கறதுக்கு மெத்த தூக்கினு வந்த மொத ஆளு நீதான்யா" என்றார். பிறகு எறும்பு ஏறிய தட்டைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. மெதுவாகக் கதவைத் தட்டினார். "பாப்பா, உங்கப்பா வந்துகீறாரு. தொறம்மா."

 கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல். "பொய் சொல்லாதீங்கக்கா. எங்கப்பா வர மாட்டாரு. அவருக்கு நாலு பேர் முன்னாடி நிக்கவே வராது. போங்க எல்லாரும்."

"பேசுய்யா" என்று அக்கா என்னை இடித்தார்.  'பாப்பா' என்ற ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. பெற்ற பிள்ளை சாகக் கிடந்தாலும் என் வாய் திறக்காதோ என்று அந்த நேரத்தில் என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அன்றைய கடலை மிட்டாய் அங்கே இருந்தது. தரையில் உட்கார்ந்து கதவுக்கு அடியில் அதைத் தள்ளினேன். பாதி உள்ளே போய் நின்றது.

அந்தப் பாதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கால் தேய்த்து நடந்து வருகிற சத்தம். மிட்டாய் மெல்ல அசைந்தது. பிறகு உள்ளே போய்விட்டது.

தாழ்ப்பாள் திறந்தது. கண்ணெல்லாம் குழி விழுந்து, எண்ணெய் காணாத தலையோடு என் மகள் நின்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆரஞ்சு ஜாக்கெட்டைப் பார்த்தாள்.

"இன்னாப்பா இது? கம்பெனி வேலைய உட்டுட்டியா? எனக்காவவா?"

"இல்ல பாப்பா. மெத்த தூக்கினு வந்தாதான்..." 

அவள் ஜாக்கெட்டுக்குள் கை விட்டு என் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டாள். பையில் ஒன்றும் இல்லை. துணியைக் கசக்கிப் பிடித்தபடியே அழுதாள். "எனக்கு ஒண்ணுமே புரியலப்பா. மொத நாள்லேர்ந்தே புரியல. எல்லாம் போச்சுப்பா."

 "வூட்டுக்குப் போலாம்" என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. 

எங்கோ ஒரு கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு விசிலை நீளமாக ஊதினார்.

"ஜென்ட்ஸ் இன்னும் போவல! யாரும் வெளிய வராதீங்க! கதவ சாத்துங்க!"