எங்கள் நாயகனுக்கு இடது கைப் பழக்கம்

போன வாரம் எனக்கு ஒரு துக்கச் செய்தி வந்தது. என் அபிமான நடிகர் வலது கைக்காரராம்!

சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்கும் இந்தக் காலம் வரை, அவர் இடது கைக்காரர் என்று நம்பி வாழ்ந்தவன் நான். அந்த நம்பிக்கைக்காக அடியும் வாங்கியிருக்கிறேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

எல்லாம் எங்கள் ரசிகர் வாட்ஸ்அப் குரூப்பால் வந்தது. மலாக்காக்காரர்கள் மட்டும் உள்ள குரூப். அட்மின் குமார், புக்கிட் பெருவாங்கில் ஏர்கான் சர்வீஸ் செய்பவர். பாயா ரும்புட்டில் ஒரு மண்டபம் எடுத்து, எங்கள் நடிகரின் பழைய படம் ஒன்றைப் பெரிய திரையில் போடலாம் என்று முடிவாயிற்று. எந்தப் படம்? அங்கேதான் ஆரம்பித்தது ரகளை.

குமார் ஒரு சண்டைப் படத்தைச் சொன்னார். சுங்கை ரம்பாயில் பல் கிளினிக் கவுண்டரில் வேலை செய்யும் ரோசலின் வேறொரு படத்தைச் சொன்னார் – ஏன் அதுதான் சிறந்தது என்று காட்சி காட்சியாக எழுதி. "பொம்பளைங்களுக்கு ஃபைட் படம் எப்படிப் புரியும்?" என்று ஒருவர் எழுத, ரோசலின் திருப்பிக் கொடுக்க... குரூப் தீப்பிடித்துவிட்டது.

குமார் சமாதானப் பிரியர். உடனே அறிவிப்பு போட்டார். "இனிமே லேடிஸுக்குத் தனி குரூப். சண்டேக்குள்ள எல்லா லேடிஸ் நம்பரையும் அங்க மாத்திடுவேன். ஈக்குவல்தானே லா! உங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு."

ரோசலின் விடவில்லை. "படம் எதுன்னு எந்த குரூப்ல முடிவு பண்ணுவீங்கண்ணே?"

"இங்கதான், சிஸ்டர். முடிவானதும் அங்கேயும் போட்டுடுவேன். ஒரே மெசேஜ்தானே!"

"இந்த குரூப் ஆரம்பிச்சதுலேர்ந்து நான் இங்க இருக்கேன். என்னை வெளிய தள்ளுறதுக்குப் பேரு ஈக்குவலா?"

இருவரும் என்னைக் கூப்பிட்டார்கள். குமார், "அண்ணே, சீனியர் நீங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். ரோசலின், "அங்கிள், நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க" என்றார். நான் என்ன செய்தேன்? குமாருக்கு ஒரு தம்ஸ் அப். ரோசலினுக்கு ஒரு இதயம். இப்படியே போனால் அடுத்த தேர்தலில் நானே நிற்கலாம்!

பேச்சை மாற்ற ஒரு ஜோக் அடிப்போம் என்று எழுதினேன். "அடிச்சுக்காதீங்கப்பா. நம்மாளு இடது கையால விட்டாருன்னா ரெண்டு பேருமே காலி!"

பிறகு குமார், "அண்ணே... அவரு வலது கையாச்சே?" என்று எழுதி, ஒரு வீடியோ துண்டையும் அனுப்பினார். பார்த்தேன். வலது கை. மறுபடி பார்த்தேன். போனைத் திருப்பிப் பிடித்துக்கூடப் பார்த்தேன். வலது கையேதான்!

இத்தனை வருஷம் டிவியில் பார்க்கவில்லையா என்பீர்கள். பார்த்தேன். பக்தன் சாமியின் முகத்தைப் பார்ப்பானா, எந்தக் கையில் வேல் என்று பார்ப்பானா?

ரோசலின்தான் கேட்டார். "அங்கிள், நீங்க அவரு படத்தையெல்லாம் எங்க உட்கார்ந்து பார்த்தீங்க?"

எங்கே உட்கார்ந்தேன்...? திரைக்குப் பின்னால்!

சின்ன வயதில், எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் படம் காட்ட லோரி வரும். திடலில் கோல் கம்பத்தில் வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். முன்பக்கம் நாற்காலி போட்டு, கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணிமார் குடும்பங்கள். பால்மரம் வெட்டும் எங்கள் ஆட்கள் துணிக்குப் பின்பக்கம், சாக்கு விரித்து. படம் எங்களுக்கும் தெரியும் – வலம் இடமாக.

ஆனால் அதைக் குறை என்று யார் நினைத்தார்கள்? கச்சாங் பூத்தே கடலை விற்பவர் எங்கள் பக்கம்தான் வருவார். விசில் எங்கள் பக்கம்தான் பறக்கும். எழுத்து போடும்போது இடம் வலம் மாறிய தமிழைப் படித்துக் காட்டிய சரஸ்வதி அக்காதான் எங்கள் பண்டிதை. அந்தச் சாக்கின் ரப்பர் வாடையை இன்றைக்குக் கொடுத்தாலும் மோந்து பார்ப்பேன்.

எங்கள் நாயகன் இடது கையால் குத்துவார். வில்லனும் இடது கைதான். அவனை யார் கவனித்தது? நாயகன் இடது கையால் சோறு சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். அம்மா வலது கையால் அறைந்தார். வகிடும் அவர் மாதிரியே எடுத்தோம் – வலது பக்கம். டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாளே, "டேய், எஸ்டேட்டுப் பையன் வர்றான்!" என்றார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். குடைந்த மண்டையிலேதானே இருந்திருக்கிறது விடை!

அப்பா ஒருமுறை பெரிய கிராணியிடம் கேட்டார், நாங்களும் முன்பக்கம் வரலாமா என்று. அவர் கோபிக்கவெல்லாம் இல்லை. "ஏம்ப்பா, ரெண்டு பக்கமும் ஒரே படம்தானே? எங்க உட்கார்ந்தா என்ன?" என்றார். அப்பா, "அதானே!" என்று திரும்பி வந்துவிட்டார்.

இதையெல்லாம் குரூப்பில் சிரிக்கச் சிரிக்கத்தான் எழுதினேன். கிராணி சொன்னதை டைப் செய்யும்போது மட்டும் விரல் நின்றுவிட்டது. 'ஒரே படம்தானே...' 'ஒரே மெசேஜ்தானே...' கிராணி கெட்டவர் இல்லை. குமாரும் இல்லை. பிரித்து உட்கார வைப்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள் – அதுதான் கஷ்டமே!

போட்ட தம்ஸ் அப்பை எடுத்தேன். எழுதினேன். "தம்பி குமாரு, ரோசலின் இங்கேயே இருக்கட்டும். அந்தப் பக்கம் அனுப்பினா என்னை மாதிரி இடம் வலம் தெரியாத ஆளுதான் வரும்!"

குமார் டைப்பிங்... நின்றது. மறுபடி டைப்பிங்... கடைசியில் வந்தது. "சரி லா. எல்லாரும் இங்கேயே இருங்க. படத்தையும் எல்லாருமே சேர்ந்து ஓட்டுப் போட்டு எடுப்போம்."

ரோசலின் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டார்.

உடனே குமார், "ஆனா நான் புது குரூப்புக்குப் பேரு வச்சு, போட்டோ எல்லாம் போட்டு ரெடி பண்ணிட்டேனே... அதை என்ன பண்றது?" என்று எழுதினார்.

ரோசலின் பதில் போட்டார்.

"நீங்க வேணா அங்க போய் உட்காருங்கண்ணே. முடிவானதும் சொல்லி அனுப்புறோம்."