முப்பத்தேழைத் தேய்த்தவள்

எரிவாயுக் கிடங்கில் அவளுக்கு முரண்டு என்றுதான் பெயர். பட்டத்தைச் சூட்டியவர் அவளுடைய மாமனார். வெல்டர்களுக்கெல்லாம் அவர்தான் போர்மேன். வீட்டிலும் அவர் போர்மேன்தான், அங்கே சம்பளம் மட்டும் கிடையாது.

இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரைப் பிடிக்க வந்தவள் அவள். வெல்டர்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில், அவர்கள் மிச்சம் வைத்த ராடுகளை எரித்து எரித்தே வெல்டிங் பழகிக்கொண்டாள். பழைய டாங்குகளில் வேலை செய்வதற்கென்று தனித் தேர்வு ஒன்று உண்டு. அதற்கு நிற்கிறேன் என்றதும் மாமனார் சிரித்த சிரிப்பில் ஷெட்டே அதிர்ந்தது. அவளும் முதலில் தோற்றாள், மறுபடியும் தோற்றாள். "போதும்மா, என் மானத்த வாங்காத" என்றார் அவர். அவள் கேட்டால்தானே! பிறகு தேறியபோது, கிடங்கிலேயே அந்தத் தேர்வில் தேறிய ஆள் அவள் ஒருத்திதான் என்று ஆனது.

விரல் நீள இரும்பு அச்சு ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் நுனியில் 37 என்று வெட்டியிருந்தது. யார் வெல்டு வைத்தாலும் பக்கத்துத் தகட்டில் தன் எண்ணைச் சுத்தியலால் அடித்துப் பதிக்க வேண்டும். வெல்டு விட்டுப்போனால் அந்த எண்ணுக்கு உரியவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவள் அதைச் சாவிக்கொத்தில் கோத்து, இடுப்பிலேயே வைத்திருந்தாள். "என்னவிட அதுக்குத்தான் இந்த வீட்டுல மரியாதை" என்பான் புருஷன். அவனும் அங்கே வெல்டர்தான்.

டாங்குகள் அவளைவிட மூத்தவை. தீப்பிடித்தால் தண்ணீர் பீய்ச்ச அவற்றின் மேல் குழாய் ஓட்ட வேண்டும், அதைத் தாங்கும் தகடுகளை டாங்கின் உடம்பிலேயே வெல்டு செய்ய வேண்டும். முதல் டாங்கைக் காலி செய்து கழுவி வைத்திருந்தார்கள். அவ்வளவு தடித்த இரும்பை வெல்டுக்கு முன்னும் பின்னும் முறையாகச் சூடேற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் வெல்டின் ஓரம் விறைத்துப்போகும், வாயுவை அழுத்தி நிரப்பும்போது அங்கேதான் விரிசல் விடும். இது மாமனாருக்குத் தெரியாததா? அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஆனால் அதற்கான ஹீட்டர்கள் வேறு சைட்டில் மாட்டிக்கொண்டன. இவரோ நாளைக்கே டாங்கை ஒப்படைப்பதாக முதலாளியிடம் வாய் விட்டிருந்தார்.

"சின்னத் தகடுதானே. தீயக் காட்டி லேசா சூடு பண்ணிட்டு வெச்சிடு."

"இதே மாதிரி லேசா பண்ணதுக்குத்தான் என்னை எல்லார் முன்னாடியும் திட்டுனீங்க மாமா."

"அது அப்போ. இப்போ சொல்றதக் கேளு."

"மாட்டேன்."

"சோறு போடுறவன எதுத்துப் பேசுறியா?"

"தினம் பொங்கிப் போடுறது நான்தான் மாமா."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மாமனாருக்கு முகம் சுண்டிவிட்டது. மகன் பக்கம் திரும்பி, "நீ ஏறுடா. வெல்ட நீ வை" என்றார். பிறகு அவளிடம் கையை நீட்டினார். "அச்சக் குடு. உன் நம்பர் இருந்தாத்தான் இன்ஸ்பெக்டர் ஒத்துக்குவாரு."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். "அப்பா வாக்கு குடுத்துட்டாரும்மா" என்று முனகிக்கொண்டே ஏணியில் ஏறினான். டாங்கின் அந்தப் பக்கச் சுவரை ஒட்டி ஆட்கள் சாப்பிடும் அறை. வெடித்தால் அவர்கள் மிஞ்சமாட்டார்கள், தகட்டில் அவள் எண் மட்டும் மிஞ்சும்.

சாவிக்கொத்திலிருந்து அச்சைக் கழற்றினாள். மாமனாரின் முகம் இளகியது. அவள் அவரைத் தாண்டிப் போய், அச்சை வைஸின் இரும்புத் தாடையில் இறுக்கி, கிரைண்டரை ஓடவிட்டாள். பொறி பறந்தது. மூன்று போனது, ஏழும் போனது. மொட்டையாகிவிட்ட இரும்பை இடுக்கியால் எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"பாத்து மாமா, சூடா இருக்கு."

"உன் வேலை போச்சுன்னு வெச்சுக்கோ" என்றார் அவர்.

"வெல்டர் வேலைதானே போச்சு? கிரைண்டர் பிடிக்கத்தான் வந்தேன். இப்பவும் நல்லாவே பிடிக்கிறேன்."

ஏணியின் மேலிருந்தவன் ராடைக் கழற்றிவிட்டு இறங்கி வந்தான். அவள் எண் இல்லாத வெல்டை எந்த இன்ஸ்பெக்டரும் ஏற்கமாட்டார். டாங்கு மறுநாள் நிரம்பவில்லை. மாமனார் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார், சாப்பாட்டை மட்டும் நிறுத்தவில்லை.

அச்சை இழந்தவர்கள் மறுபடி தேர்வெழுதித்தான் ஆக வேண்டும். ஹீட்டர்கள் வந்து சேர்வதற்குள் அவள் எழுதித் தேறிவிட்டாள். டாங்கைச் சுற்றி ஹீட்டர்களைக் கட்டிச் சூடேற்றிய அன்று, மாமனாரே புது அச்சைக் கொண்டுவந்தார். அதே முப்பத்தேழு.

"இதையாவது தொலைக்காம வெச்சுக்கோ" என்றார்.

"அத நான் தொலைக்கல மாமா, தேய்ச்சேன்" என்றபடி ஏணியில் கால் வைத்தாள் முரண்டு. "தேவைப்பட்டா இதையும் தேய்ப்பேன்."