வடக்குச் சுவருக்கு வந்த வெயில்

முயலுக்கு வியர்க்காது என்பது எனக்கு எழுபத்திரண்டு வயதில்தான் தெரியவந்தது. அதுவரை அதைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை வரவில்லை. யோசிக்க வைத்தவை பக்கத்து வீட்டு டெனிஷ்காரியின் இரண்டு முயல்கள்.

டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் எங்கள் வீடும் அவருடைய வீடும் ஒரு வேலிச்செடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருக்கின்றன. அவரும் என் வயதுதான், தனி ஆள். அவர் அப்பிள் தருவார், நான் றோல்ஸ் பொரித்துக் கொடுப்பேன். அதற்கு மேல் பெரிய கதை ஒன்றும் எங்களுக்குள் இருந்ததில்லை. அந்த யூலை மாதம் அவர் தன் சகோதரி வீட்டுக்கு ஒரு கிழமை, ஏழு நாள், போக இருந்தார். வழக்கமாக முயல்களைப் பார்க்கிற பெண் வரமுடியாது என்று சொல்லிவிட்டாராம். வேலிக்கு அருகே வந்து நின்று என்னைக் கேட்டார்.

"நல்ல வெயில் வருமாம். இதுகளுக்கு வெயில் தாங்காது. அதுதான் எனக்குப் பயம்."

"நான் வெயிலிலை பிறந்து வளந்தனான். எனக்கு வெயிலைப் பற்றி ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை" என்று எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டு ஒரு கடுதாசியைத் தந்தார். இரண்டு பக்கமும் எழுத்து. "எல்லாம் இதிலை எழுதியிருக்கு" என்றார். நான் அதை மேலிருந்து கீழே பார்த்தேன், தலையாட்டினேன், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிறிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிப்பேன், எழுதுவேன். டெனிஷ் எழுத்து எனக்குப் பிடிபடவில்லை. இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் துப்புரவு வேலை செய்தேன். பலகை பலகையாக எழுத்தைத் துடைத்திருக்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரையும் கேட்டதில்லை. கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடுமே.

என் வீட்டுக்காரருக்கு டெனிஷ் வாசிக்க வரும். அவரையும் நான் கேட்கவில்லை.

முயல்களில் ஒன்று சாம்பல் நிறம், நல்ல பெருத்தது. மற்றது சின்னது, வெள்ளையில் மண்ணிறப் பொட்டுகள். இரண்டும் அப்பிள் மரத்தடியில் ஒரு மரக்கூட்டில் இருந்தன. கூட்டுக்கு முன்பக்கம் மட்டும் கம்பிவலை. முதல் இரண்டு நாளும் நான் அவற்றைப் பார்த்தபடியே இருந்தேன். நாய் என்றால் நாக்கைத் தொங்கவிடும், பன்றி என்றால் சேற்றில் புரளும். இதுகள் ஒன்றும் செய்யாமல் கிடந்தன. அப்படியென்றால் உள்ளே இருக்கிற சூடு எந்த வழியால் வெளியே போகிறது? அதை அறியாமல் எனக்கு இருக்க முடியவில்லை.

வழியைக் காட்டியது பெரியதுதான். விடியற்காலை அதன் காதைத் தொட்டேன், வெற்றிலை மாதிரிக் குளிர்ந்திருந்தது. மத்தியானம் தொட்டேன், சுட்டது. காதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நரம்புகள் புடைத்துச் சிவப்பாகத் தெரிந்தன. காலையில் அந்த நரம்புகளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஓகோ, இதுதான் உங்கள் சன்னலா என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு மணிக்கொரு தடவை காதைத் தொட்டுப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது.

"இஞ்சரும், நீர் என்ன, முயலுக்குக் காய்ச்சல் பாக்கிறீரோ?" என்றார் வீட்டுக்காரர்.

"சும்மா இருங்கோ. உங்கடை காதைத் தொட்டா ஒண்டும் தெரியாது. இதின்ரை காதிலை எல்லாம் தெரியுது."

பழைய யூஸ் போத்தல்களில் தண்ணீர் நிரப்பிப் பிறீசரில் வைத்தேன். கட்டியானதும் வீட்டுக்காரர் உடுத்துக் கிழிந்த சாரத்தில் சுற்றிக் கூட்டுக்குள் விட்டேன். சின்னது முதலில் பயந்து மூலைக்கு ஓடியது. பிறகு மெல்ல வந்து மணந்து பார்த்து, முதுகைப் போத்தலோடு ஒட்டிக்கொண்டு படுத்தது. பெரியது திரும்பியும் பார்க்கவில்லை. அதற்குக் குளியலறை திருத்தியபோது மிஞ்சிய டைல்ஸ் இரண்டைப் போட்டேன். வயிற்றைப் பரப்பிக்கொண்டு அதன்மேல் கிடந்தது. ஒரே கூடு, ஒரே வெயில், ஆளுக்கு ஒரு விருப்பம்.

"என்ரை சாரத்தைக் குடுத்திட்டீர். இனி என்னையும் அதுக்குள்ளை விடும்" என்றார் அவர்.

"உங்களுக்கு டைல்ஸோ, போத்தலோ?"

நாலாம் நாள் சனிக்கிழமை. தெரிந்த பிள்ளை ஒன்றின் பிறந்தநாளுக்கு ஹோலுக்குப் போகவேண்டியிருந்தது. மத்தியானம் கூட்டடியில் போய் நின்றேன். அப்பிள் இலைகளுக்கு நடுவால் வெயில் பொட்டுப் பொட்டாகக் கூட்டின்மேல் விழுந்தது. இதுவும் ஒரு நிழலோ என்று எனக்குத் தோன்றியது. எங்கள் வீட்டுக்கு வடக்குப் பக்கச் சுவரடியில் ஈரம் காயாத கெட்டியான நிழல். உச்சி வெயில்கூட அங்கே எட்டிப் பார்க்காது. வீட்டுக்காரரும் நானுமாகக் கூட்டைத் தூக்கி வேலி இடைவெளியால் கொண்டுவந்து அந்தச் சுவரடியில் வைத்தோம். காற்று வருவது மேற்கிலிருந்து, அதனால் கம்பிவலைப் பக்கத்தை மேற்கே திருப்பினேன். மற்ற மூன்று பக்கமும் நனைத்த பெட்சீற்றால் மூடினேன். தண்ணீர் வைத்தேன், போத்தல் வைத்தேன். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

"மரத்தடியிலையே விட்டிருக்கலாம். மனிசி ஏதும் சொன்னவவோ?" என்று அவர் கேட்டார்.

"எனக்குத் தெரியும், வாங்கோ."

நாலு மணிக்குச் சாப்பாடு என்றார்கள். எங்கள் ஆட்களின் நாலு மணி எல்லோருக்கும் தெரியும். கேக் வெட்டவே ஆறரை ஆகிவிட்டது. எனக்குப் பதற்றம் இல்லை. ஆறு மணிக்குப் பிறகு வெயில் ஏது என்று என் உடம்பு நினைத்துக்கொண்டிருந்தது. கோடையில் இந்த நாட்டில் பத்து மணிக்குத்தான் சூரியன் போகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. முப்பத்தைந்து வருடமாக அந்த வெளிச்சத்தில் நித்திரை வராமல் திரைச்சீலையை இழுத்து மூடியவள் நான். ஆனால் அந்தச் சூரியன் அத்தனை நேரமும் எந்தப் பக்கத்தால் நடந்து போகிறது என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

வீட்டுக்கு வரும்போது எட்டு மணி. மூலையைத் திரும்பினேன். வடக்குச் சுவர் முழுவதும் வெயில்.

சூரியன் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, தாழ நின்று, கம்பிவலைக்குள் நேராக அடித்துக்கொண்டிருந்தது. பெட்சீற் காய்ந்து மொரமொரவென்று இருந்தது. காற்று போகக்கூடிய இடுக்கையெல்லாம் நானே அடைத்து வைத்திருந்தேன். சின்னது பின்மூலையில், சாரத்துக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தது. பெரியது பக்கவாட்டில் நீட்டி விழுந்து கிடந்தது. வாய் திறந்திருந்தது. விலா படபடவென்று அடித்தது. காதைத் தொட்டேன், அடுப்பில் வைத்த தகடு மாதிரி இருந்தது.

"இஞ்சருங்கோ! தண்ணி கொண்டாங்கோ, கெதியா!"

அதை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு நிழலான பக்கம் வந்தேன். விழாவுக்கு உடுத்த பட்டுச் சேலை என்றெல்லாம் பார்க்கவில்லை. அவர் வாளியோடு வந்தார். "மிருக டொக்டற்றை நம்பர் எங்கை?" என்று கேட்டார்.

"அந்தக் கடுதாசியிலை இருக்கும்."

"எத்தினையாம் வரியிலை?"

நான் முயலின் மேல் குனிந்துகொண்டேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனார். கடுதாசியோடும் தொலைபேசியோடும் திரும்பி வந்தார். நான் அதற்குள் தண்ணீரில் விரலைத் தோய்த்துக் காது இரண்டையும் தடவத் தொடங்கியிருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதானே.

"காதைத்தான் நனைக்கச் சொல்லினம்" என்றார் அவர், தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு. "ஐஸ் தண்ணி கூடாதாம். பைப் தண்ணி போதுமாம். பிறகு குளிர்ந்த நிலத்திலை விடட்டாம். அரை மணித்தியாலத்திலை எழும்பாட்டி கொண்டு வரட்டாம்."

குளியலறை நிலத்தில் விட்டேன், பக்கத்தில் நானும் இருந்தேன். காதைத் தடவுவதும் நரம்பைப் பார்ப்பதும்தான் எனக்கு வேலை. அது செத்தால் நான் அந்த மனிசியின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்பது ஒரு பக்கம். நாலு நாளாக என் கையை மணந்து பழகிய ஒரு சீவன் என் கெட்டித்தனத்தாலே போகப்போகிறதே என்பது மறுபக்கம். அவர் வாசற்படியில் நின்றபடி கடுதாசியை வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு மடித்தார்.

"அதிலை என்ன கிடக்கு?"

"கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டுக் கிடக்கு" என்றார் மெதுவாக. "கூட்டை மரத்தடியாலை எடுக்க வேண்டாம், பின்னேர வெயிலை மரம் மறைக்கும் எண்டு."

வேறு நாளாக இருந்தால் அதை வைத்து ஒரு கிழமை பகிடி பண்ணியிருப்பார். அன்றைக்கோ வாளித் தண்ணீரை மாற்றிக்கொண்டு வந்து வைத்தார்.

மூச்சு முதலில் இறங்கியது. பிறகு வாய் மூடியது. காதின் சூடு விரலுக்கு வித்தியாசம் காட்டத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அது ஒரு தும்மல் தும்மிவிட்டு எழும்பிக் கழிப்பறைக்குப் பின்னால் போய் ஒளித்துக்கொண்டது. அங்கிருந்து எடுக்கப் பட்ட பாடு தனிக் கதை. அன்றைக்கே கூட்டை மரத்தடிக்குத் தூக்கினோம்.

பக்கத்து வீட்டுக்காரி திரும்பி வந்த அன்று இரண்டு முயலும் கொழுகொழுவென்று இருந்தன. ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. வீட்டுக்காரரும் சொல்லமாட்டார். ஆனால் அந்த மனிசி எனக்கு நன்றி சொல்லி, ஒரு பெட்டி சொக்லேற்றையும் நீட்டினார். அதை வாங்க எனக்குக் கை வரவில்லை. பொய்யாக ஒரு புகழை வாங்கி வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.

"நான் கூட்டை இடம் அரக்கி வைச்சனான். பெரியது சாகப்பாத்தது" என்றேன். பிறகு அதையும் சொன்னேன். "உங்கடை கடுதாசியை நான் வாசிக்கேல்லை. எனக்கு டெனிஷ் வாசிக்கத் தெரியாது."

முப்பத்தைந்து வருடத்தில் அந்த வசனத்தை நான் டெனிஷில் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் முகம் இறுகியது. கூட்டுக்குப் போய்ப் பெரியதைத் தூக்கி, வயிற்றைத் தடவி, பல்லைப் பார்த்து, காலைப் பார்த்து, கீழே விட்டார்.

"எங்கை வைச்சனீங்கள்?" என்று கேட்டார் கடைசியில்.

"வடக்குச் சுவரடியிலை."

"வடக்குச் சுவருக்கு வெயில் வராதே."

"வரும். எட்டு மணிக்கு நான் பாத்தனான்."

"இல்லை" என்றார் அவர். "நான் இந்த நாட்டிலை பிறந்தனான். வடக்கை வெயில் வராது. மரத்துக்கு மேற்காலை வாறதுதான் எனக்குத் தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் அதே வாய், அதே தலைக்கனம். "வந்து பாருங்கோ" என்றேன்.

அன்று பின்னேரம் ஆறரைக்கு உட்கார இரண்டு கதிரைகளை அந்தச் சுவருக்கு எதிரே போட்டேன். அவர் சொக்லேற் பெட்டியையும் கொண்டுவந்தார், இந்தத் தடவை நான் எடுத்தேன். சுவர் நிழலாக இருந்தது. அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மூலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏழு மணிக்குக் கொஞ்சம் முந்தி, சுவரின் மேற்கு விளிம்பில் நூல் அளவு வெளிச்சம் ஒட்டியது. பிறகு அது விரல் அகலமானது.

"பாத்தீங்களோ?" என்றேன்.

அவர் எழும்பிப் போய் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நான் முயலின் காதைத் தொட்டுப் பார்த்தது போலவே.