நஞ்சு வைத்தவன் யார்

பண்டாரவளைச் சந்தையில் கார்பைட் விளக்கு நாறியதும், சிறுவயதில் அதே நாற்றமடித்த பதுளைக் கூடாரக் கொட்டகையில் பார்த்த ஊமைப்படம் நினைவுக்கு வந்தது. ஒருவர்பின் ஒருவராக நஞ்சுண்டு சாகும் மர்மப் படம். எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்பில் எனக்கு மட்டுமே இங்கிலீஷ் தெரியும். திரையில் வந்த எழுத்துகளை எல்லோருக்கும் தமிழில் சொன்னேன். நஞ்சு வைத்தவன் யாரென்று காட்டாமலே படம் முடிந்தது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, "சமையற்காரன்தான்" என்றேன்.

அந்த வருட ஆடித் திருவிழாவுக்கு, வழக்கமாகச் சமைக்கும் முத்தையா அண்ணனை யாரும் கூப்பிடவில்லை. "சோத்துல என்னத்தப் போடுவீங்களோ" என்று சிரித்தார்கள். பிறகு அவர் எங்களுக்குச் சமைக்கவே இல்லை. அது என் ஊகம்தான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று ஹல்துமுல்லைக்குப் போய், முதியவராகிவிட்ட அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"படத்துல ரெண்டாவதா செத்ததே சமையக்காரன்தானே தம்பி. படிச்ச புள்ள சொன்னதும் சனம் கண்ணால பார்த்தத விட்டுருச்சு" என்றார். சுவரைப் பிடித்து எழுந்தார்.

"இருங்க, சோறாக்குறேன்."