நெத்தலி காய்ந்த கோல்ப் மைதானம்

போன வாரம் புத்தளத்தில் முடி வெட்டப் போயிருந்தேன். வெட்டுவதற்கு என் தலையில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை, காதோரத்தில் இருப்பதை ஒழுங்குபடுத்திக்கொள்ளத்தான். கூட்டமாக இருந்ததால் காத்திருக்க வேண்டியதாயிற்று. பக்கத்துக் கதிரையில் பழைய சஞ்சிகை ஒன்று கிடந்தது. வழுவழுப்பான தாள், வெளிநாட்டுக்காரரைக் கூப்பிடுவதற்காகப் போடுகிற வகை. அதில் சாதாரண ஆட்டக்காரர்களும் போய் ஆடக்கூடிய அருமையான கோல்ப் மைதானங்கள் என்று ஒரு கட்டுரை. புரட்டிக்கொண்டே போனால் நடுவில் எங்கள் கற்பிட்டிக் கரை. பச்சைப் புல், அதற்குப் பின்னால் நீலக் கடல், வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு மனிதர். கீழே எழுதியிருந்தான் ஒரு புண்ணியவான்: முன்பு இங்கே கழுதைகளைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை, வெறும் மணல்வெளி.

வெறும் மணல்வெளியாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சஞ்சிகையைச் சுருட்டி எறிந்திருப்பேன், அடுத்தவர் பொருளாயிற்றே என்று வைத்துவிட்டேன். என் முறை வந்து உட்கார்ந்த பிறகும் அடங்கவில்லை. "நானா, தலய ஆட்டாதீங்க, காது போயிரும்" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் முடிவெட்டுகிறவர். போனால் போகட்டும் என்றுதான் இருந்தது.

அந்தக் கடைக்கு அடுத்தது மோட்டார் சைக்கிள் திருத்துகிற கராஜ். எரிந்த எண்ணெயின் மணம் யன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. மற்றவர்களுக்கு அது மூக்கைப் பொத்த வைக்கிற நாற்றம். எனக்கு அது கோல்ப்பின் மணம். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

நாட்டில் சண்டை முடிகிற காலத்தில் நான் வளைகுடாவில் ஒரு பெரிய கோல்ப் மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் காட்டுகிற வேலையில் இருந்தேன். எங்களுக்குக் குளிக்க ஒரு வாளித் தண்ணீர் கிடைப்பதே பெரிய பாடு, புல்லுக்கு மட்டும் இரவு பகலாக ஆறாக ஓடும். அந்தப் புல்லில் நான் ஒரு நாளும் ஆடியதில்லை. ஆடியதெல்லாம் ஊருக்கு வெளியே, வெள்ளிக்கிழமைகளில், பாலைவனத்தில். அங்கே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மைதானம் இருந்தது, புல் ஒரு இதழ்கூடக் கிடையாது. குழியைச் சுற்றியுள்ள மணலில் எரிந்த எண்ணெயை ஊற்றி உருட்டி இறுக்கி வைத்திருப்பார்கள், பந்து அதன் மேல் அழகாக உருண்டு போகும். பாகிஸ்தான்காரர்கள், கேரளக்காரர்கள், நாங்கள் என்று சமையல்காரர் முதல் சாரதி வரை எல்லோரும் ஆடுவோம். வாசலும் கிடையாது, காவலாளியும் கிடையாது. பிறகு ஒரு தடவை நுவரெலியாவிலும் ஆடிப் பார்த்திருக்கிறேன். குளிரில் கை விறைத்து, அடித்த முதல் பந்தே ஓடைக்குள் போய்விட்டது, ஆனால் அங்கே யாரும் என்னை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. எனக்குப் பிடித்த மைதானங்களை யாராவது எழுதச் சொன்னால் இந்த இரண்டையும் எழுதுவேன். எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டெல்லா அக்காவின் மைதானத்தை எழுதுவேன்.

வேலை முடிந்து ஊருக்கு வந்தபோது பெட்டி நிறையச் சொக்லட் கொண்டு வருவேன் என்று எதிர்பார்த்திருந்த வீட்டுக்கு நான் கொண்டு வந்தது வெள்ளைக்காரர் கழித்துப்போட்ட கோல்ப் மட்டைகளும் ஒரு பை பந்துகளும். உம்மா என்னோடு கொஞ்ச நாள் சரியாகக் கதைக்கவில்லை. அந்த மட்டைகளைக் கண்டு சந்தோசப்பட்ட ஒரே ஆள் பரீத் நானாதான். அவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். எரிந்த எண்ணெய்க்கு அவரிடம் பஞ்சமே இல்லை. எங்கள் ஊருக்கும் கத்தோலிக்க ஊருக்கும் நடுவே கடலோரமாக ஒரு நீண்ட மணல் தரை கிடந்தது. சண்டைக் காலத்தில் அங்கே நாலு பேர் சேர்ந்து நின்றாலே நேவிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். இப்போது கேட்பாரில்லை. நாங்கள் இருவரும் பால்மா டின்களைப் புதைத்துக் குழியாக்கினோம், எண்ணெயை ஊற்றி உருட்டினோம். இன்றைக்குச் சுற்றாடல்காரர் யாராவது கேள்விப்பட்டால் அடிக்க வருவார்கள், வரட்டும்.

மூன்றாவது குழிக்கும் நாலாவது குழிக்கும் இடையில்தான் கத்தோலிக்க ஊர் ஸ்டெல்லா அக்கா கருவாடு போடுவார். பழைய வலையை மணலில் விரித்து அதன் மேல் நெத்தலி, பக்கத்தில் கம்பு நட்ட பரணில் கட்டா, சீலா போன்ற பெரிய மீன்கள். அவருடைய தாயும் அங்கேயேதான் காயப்போட்டவர். நான் அடித்த பந்து ஒன்று முதல் நாளே அவருடைய நெத்தலிக்குள் போய் விழுந்தது. பந்தை எடுத்துக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தார். சரி, இன்றைக்குத் தொலைந்தேன் என்று நின்றேன்.

"இது என்னத்துக்கு தம்பி இவ்வளவு சின்னக் குழிக்குள்ள போடுறீங்க, பெரிசா வெட்டினா என்ன?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், அவரும் ஆட வந்துவிட்டார். வீட்டிலிருந்து பழைய தும்புக் கால்மிதி ஒன்றைக் கொண்டுவந்து துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொன்று தந்தவரும் அவர்தான், மணலில் பந்தை வைத்து அடிக்க அது வேண்டும். சட்டமும் அவரே போட்டார். நெத்தலிக்குள் பந்து விழுந்தால் நாங்கள் தொடக்கூடாது, அவர் எடுத்து எறிவார், விழுந்த இடத்திலிருந்து ஆட வேண்டும். அன்றைக்கு உங்களில் பிரியமாக இருந்தால் பந்து குழிக்குப் பக்கத்தில் விழும். கோபமாக இருந்தால் கழுதைகள் நிற்கிற பக்கம் போகும். பரீத் நானாவின் பந்து பெரும்பாலும் கழுதைப் பக்கம்தான் போனது, ஏனென்றால் அவர் ஸ்டெல்லா அக்காவின் புருசனுடைய எஞ்சினைத் திருத்தித் தருகிறேன் என்று சொல்லி மாதக்கணக்காக வைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு சட்டம் யாரும் போடாமலே வந்தது. அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலில் வாங்கு சொல்லி அழைத்தால் பந்து கிடந்த இடத்திலேயே கிடக்கும். நாங்கள் பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தால் அப்படியே இருக்கும், ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தோலிக்க ஊர்க்காரர் மாதா கோயிலுக்குப் போனால் அவர்களுடைய பந்துக்கு நாங்கள் காவல். படகுக்காரர், பாடசாலை வாத்திமார், உப்பளத்து வேலையாட்கள், யார் வந்தாலும் மட்டையைக் கையில் கொடுத்துவிடுவோம். சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில் பந்து எந்தத் திசையில் போகும் என்று அல்லாஹ் ஒருவனுக்குத்தான் தெரியும். சாதாரண ஆட்டக்காரர் என்றால் அவர்கள்தான் சாதாரண ஆட்டக்காரர்.

இந்தக் கதை எப்படியோ கொழும்புக்குப் போய்விட்டது. ஒரு நாள் அரச காணிகளைப் பார்க்கிற அதிகாரி, காணிக் கந்தோர் ஐயா, ஆள் அனுப்பினார்: கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார், கோல்ப் பிரியர், உங்கள் மைதானத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் டின் குழியை யார் பார்க்க வருவார்கள்? பரீத் நானா சேர்ட் தைக்கக் கொடுத்தார். பள்ளிவாசல் பக்கத்திலிருந்து நெய்ச்சோறும் இறைச்சியும், கோயில் பக்கத்திலிருந்து மீனும் என்று ஏற்பாடாகியது. ஸ்டெல்லா அக்கா தானாகவே சொன்னார்:

"வெளியாள் வார நேரம் நாத்தம் இருந்தா நமக்குத்தான் கொறச்சல். நான் எல்லாத்தையும் எடுத்துப்போட்டுத் தாரன்."

வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் கரையில் எல்லோரும் இப்படித்தான், வீட்டில் இருக்கிற நல்ல பாயை எடுத்துப்போட்டுவிட்டு நாங்கள் தரையில் இருப்போம். பரண்களைப் பிடுங்கினோம். வலைகளைச் சுருட்டினோம். கரையில் இழுத்துவைத்த தோணிகளைக்கூட அந்தப் பக்கம் தள்ளினார்கள். கூட்டிப் பெருக்கி முடித்தபோது அந்தத் தரை எங்களுக்கே புதிதாகத் தெரிந்தது.

பெரிய மனிதர் வந்தார். நல்ல மரியாதையான ஆள், அதையும் சொல்ல வேண்டும். எங்கள் எண்ணெய் மணலில் நன்றாகவே ஆடினார். கந்தோர் ஐயா ஆடவில்லை, குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார், கடலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். சாப்பாட்டில் கந்தோர் ஐயாவுக்கு மிகவும் பிடித்தது ஸ்டெல்லா அக்கா பொரித்து வெங்காயம் போட்டுப் பிரட்டிய நெத்தலிக் கருவாடு. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

அடுத்த வருடம் கம்பி வேலிக்குக் கட்டை நட ஆட்கள் வந்தார்கள். ஹோட்டலும் கோல்ப் மைதானமும் வரப்போகிறதாம். ஊரெல்லாம் கந்தோருக்குப் போனோம். அங்கே அந்த ஐயா மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு சொன்னதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

"அது பாவனையில்லாத அரச காணி. மீன் காயப்போடுற இடம் எண்டு நீங்க செல்றீங்க. நானே வந்து பாத்தன் தானே. அண்டைக்கு அங்க ஒரு வலை இருந்ததா, ஒரு பரண் இருந்ததா?"

என்ன சொல்வது? உங்களுக்காகத்தான் எடுத்தோம் ஐயா என்றா? எங்கள் மரியாதையையே எடுத்து எங்கள் முகத்தில் அடித்தான். ஆம், அடித்தான் என்றுதான் எழுதுவேன், அந்த ஆளுக்கு இதற்கு மேல் என்னால் ஆர் விகுதி போட முடியாது. ஸ்டெல்லா அக்காதான் முன்னால் வந்தார்.

"சேர், அண்டைக்கு ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டீங்களே நெத்தலி, அது எங்க காஞ்சது எண்டு நெனச்சீங்க?"

அவன் பேனையை மூடினான். "நீங்க எல்லாரும் கோல்ப் ஆடுறவங்க தானே, ஒங்களுக்கு நல்லம் தானே. இது எல்லாருக்கும் திறந்த மைதானம். யாரும் வந்து ஆடலாம்" என்றான். எங்கள் ஆட்களிலேயே சிலர் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். உண்மையான புல் வரப்போகிறது என்று பரீத் நானாவுக்குக்கூட முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவரோடு நான் அன்றைக்குப் போட்ட சண்டை இன்னும் முழுதாகத் தீரவில்லை.

மைதானம் திறந்த பிறகு ஒரு தடவை நானும் ஸ்டெல்லா அக்காவும் வாசலுக்குப் போனோம். காவலுக்கு நின்ற தம்பி நல்லவன். "வாங்க, ஆடலாம். கொலர் வச்ச சேர்ட் வேணும், சப்பாத்து வேணும், முன்கூட்டியே பேர் செல்லி வைக்கணும்" என்றான்.

"நான் ஆட வரல்ல. கடலுக்குப் போகணும்" என்றார் அக்கா.

"கடலுக்கு இதால பாதை இல்ல அக்கா. சுத்தித்தான் போகணும்."

எல்லாருக்கும் திறந்த மைதானம் என்று அந்தக் கந்தோர்க்காரன் சொன்னது பொய்யில்லை. சட்டை சரியாக இருந்தால் யாரும் போய்ப் பந்தடிக்கலாம். அந்தக் கரையில் பிறந்தவள் மீன்கூடையோடு நடந்து போகத்தான் முடியாது. சுற்றிப் போகிற வழி தோணி கரையேறுகிற இடத்துக்கும் போகாது, மீன் காயப்போட மணலும் அதில் இல்லை. கொஞ்ச நாள் தார் ரோட்டோரம் காயப்போட்டுப் பார்த்தார். லொறி எழுப்புகிற புழுதி விழுந்த நெத்தலியை யார் வாங்குவது? விட்டுவிட்டார். இப்போது எங்கள் மணலில் எண்ணெய் மணம் இல்லை, கருவாட்டு மணம் இல்லை, வாங்கு சொன்னதும் மட்டையைப் போட்டுவிட்டு ஓடுகிறவர்களும் இல்லை. கழுதைகள்கூட ரோட்டுக்கு வந்துவிட்டன, வாகனத்தில் அடிபட்டுச் சாகின்றன. அந்தச் சஞ்சிகைக்காரன் கழுதைகளை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறான்.

முடி வெட்டிக்கொண்டு திரும்புகிற வழியில் ஆத்திரம் தாங்காமல் ஸ்டெல்லா அக்காவின் வீட்டுக்குப் போனேன். சஞ்சிகை விசயத்தைச் சொன்னேன். அவர் அதிகம் கேட்டுக்கொள்ளவில்லை, இருந்து சாப்பிட்டுப் போகச் சொன்னார். சோறும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும். அடுப்பங்கரையில் தண்ணீர் எடுக்கப் போனபோது கருவாடு வந்த பைக்கற்றைப் பார்த்தேன். கடையில் வாங்கியது. பின்பக்கத்தில் எங்கோ தூரத்து நாடு ஒன்றின் பெயர் அச்சடித்திருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவர் ஒரு துண்டைக் கடித்து மெதுவாக மென்றார்.

"சரியாக் காயல்ல தம்பி" என்றார். "போட எடம் இல்லாதவள் ஒருத்திதான் இதயும் போட்டிருக்கோணும்."