மலையிறங்காத பெயர்

பேய் வர இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை நம்ப வேண்டாம். திருவனந்தபுரத்தில், பல்கலைக்கழகக் கட்டடத்தில், மதியம் மூன்று மணிக்கு, ஆட்கள் நிறைந்த ஏசி அறையில் நடந்தது. நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். என் காதால் கேட்டேன்.

என் பெயர் கலைச்செல்வி. சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மொத்தக் கடையில் பில் போடுகிறேன். அதற்கு முன் போனக்காட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தேன். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. என் கணவர் தாணுமாலையனும் இல்லை.

அவர் எப்படிச் செத்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. சங்கச் செயலாளர் ஆறுமுகசாமி நிர்வாகத்தோடு ரகசியமாகப் பேசி முடித்துவிட்டார் என்பது இவருக்குத் தெரிந்துபோயிற்று. மறுநாள் கூட்டத்தில் எல்லாருக்கும் சொல்வதாக இருந்தார். விடிவதற்கு முன்னால், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்கு வெளியே பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. "தாணுமாலையன்..." பெரட்டில் கூப்பிடுகிற அதே இழுப்பு. பெரட்டு என்றால், காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. எங்கள் பெரட்டில் பல வருடங்களாகப் பெயர் கூப்பிட்டவர் ஆறுமுகசாமிதான்.

இவர் "இருக்கேன்" என்றார். கம்பளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பள்ளத்தில் கிடந்தார். குடித்துவிட்டு விழுந்தான் என்றார்கள். அவர் குடிக்கவே மாட்டார். அது யாருடைய குரல் என்று போலீசிடம் சொன்னேன். பனியில் எல்லாக் குரலும் ஒன்றுபோலத்தான் கேட்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பனியில் அங்கே இங்கே தேடாமல் நேராகப் பள்ளத்தில் இறங்கி உடலைத் தோளில் தூக்கி வந்தவர் பக்கத்து லயத்துப் பிச்சையா அண்ணன். அந்த நன்றிக்காகவே, அவர் கடைப்பக்கம் வரும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துவந்தேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் செத்துப்போனால், அடுத்த பெரட்டில் அவர் பெயரைக் கடைசியாக ஒரு முறை கூப்பிடுவார்கள். வீட்டு ஆள் ஒருவர் "மலையிறங்கியாச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாவிட்டால், போனவர் வரிசையிலேயே நின்றுகொண்டிருப்பார் என்பார்கள். என் கணவருக்கு அது நடக்கவில்லை. வேலைநிறுத்தத்தோடு தோட்டத்தையே பூட்டிவிட்டார்கள். அதன்பிறகு பெரட்டே இல்லை.

பல்கலைக்கழகத்தில் அரசியல் வரலாற்றுக்கென்று ஓர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய கொடிகள், துண்டறிக்கைகள், பேச்சுகளின் ஒலிப்பதிவுகள். போன மாதம் அதற்கு இருபத்தைந்தாம் ஆண்டு விழா. அங்கே வேலை பார்க்கும் ஸ்மிதா என்ற பெண் கடைக்கே வந்து என்னை அழைத்தாள்.

"இந்தத் தடவை தோட்டத் தொழிலாளர் சமரம், உங்க ஸ்ட்ரைக்தான் விஷயம், சேச்சி. நீங்க வரணும், கேட்டோ?"

"யாரு பேசுதா?"

"ஆறுமுகசாமி சார். எல்லாம் ரெக்கார்ட் ஆகும். பின்னே அது எப்பவும் அங்கேயே இருக்கும்."

எப்பவும். குடிகாரன் விழுந்து செத்தான் என்று அவர் அங்கேயும் சொன்னால், அது எப்போதைக்குமாக நிற்கும். எல்லார் முன்பும் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று போனேன். அன்று விடியுமுன் கூப்பிட்டது யார்?

வாசலிலேயே ஆறுமுகசாமி நின்றார். சலவை வேட்டி, கதர்ச் சட்டை.

"என்ன கலைச்செல்வி, சாலையில மூட்டை எண்ணுதியாமே?"

"ஆமா. மூட்டையத்தான் எண்ணுதேன். ஆளைத் தள்ளல."

சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

பிச்சையா அண்ணன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏசி போட்டுப் பெரட்டு எடுக்கானுவ பாரு தங்கச்சி. அன்னைக்கு ஒரு கம்பளி கேட்டதுக்கு என்ன ஆட்டம் ஆடுனானுவ."

மேடையில், எங்கள் தோட்டத்தில் மணிக்குப் பதிலாகத் தொங்கிய தண்டவாளத் துண்டைக் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். ஆறுமுகசாமி அதை அடித்து, பழைய பெரட்டு எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும். அதோடு நிகழ்ச்சி ஆரம்பம். ஸ்மிதா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கை காட்டினாள்.

டங்... டங்... டங்...

கடைசி அடியோடு குளிர் வந்தது. ஏசிக் குளிர் அல்ல. பச்சைக் கொழுந்து வாசம் சேர்ந்த, ஈரமான குளிர். கண்ணாடி ஜன்னலைப் பார்த்தேன். வெளியே நல்ல வெயில். கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்துகொண்டிருந்தது.

ஆறுமுகசாமி கூப்பிட ஆரம்பித்தார். கையில் காகிதம் இல்லை. அவருக்கு அது தேவையும் இல்லை.

"மாடம்மாள்... சொர்ணம்மாள்... பிச்சையா..."

"இருக்கேன்" என்று பக்கத்தில் அண்ணன் விளையாட்டாகக் குரல் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. ஆறுமுகசாமியின் வேட்டியில், கணுக்காலுக்கு மேலே ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அது பெரிதாகிக்கொண்டே வந்தது. பிறகு ஓர் அட்டைப்பூச்சி உருண்டு மேடையில் விழுந்தது. ரத்தம் குடித்த அட்டை... நகரத்தின் நடுவில், முதல் மாடியில்.

அவர் கவனிக்கவில்லை. நாக்கு பழகிய தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் லயத்து வரிசை வந்தது. எந்தப் பெயருக்கு அடுத்து எந்தப் பெயர் என்று எனக்கும் தெரியும்.

நிறுத்துவார் என்று நினைத்தேன்.

நிறுத்தவில்லை.

"தாணுமாலையன்..."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாய் திறந்தபடி நின்றது. என்னைப் பார்த்தார்.

ஒரே சொல். மலையிறங்கியாச்சு. நான்தான் சொல்ல வேண்டும். அந்த அறையில் அதைச் சொல்ல வேறு யாருக்கும் உரிமை இல்லை. அவர் கண் என்னிடம் அதைத்தான் கேட்டது.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு மூச்சு நேரம்...

"இருக்கேன்."

பின்னாலிருந்து வந்தது. தொண்டையில் மண் அடைத்த குரல். எல்லாரும் திரும்பினார்கள். கடைசி வரிசை நாற்காலிகள் காலி.

பிச்சையா அண்ணனின் கை என் கையைப் பிடித்தது. ஐஸ் மாதிரி இருந்தது.

ஆறுமுகசாமி தண்ணீர் கேட்டார். உடம்புக்கு முடியவில்லை என்று இறங்கினார். நான் என் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் வந்தாயிற்று என்று தோன்றியது.

மறுநாள் விடியற்காலை அவர் இறந்தார். கழக்கூட்டம் என்ற ஊரில் மகனுடைய ஃபிளாட், ஒன்பதாவது மாடி. மருமகள் ராஜஸ்ரீ போலீசிடம் சொன்னதை அப்புறம் கேள்விப்பட்டேன். தூக்கத்தில் யாருக்கோ பதில் சொல்வதுபோல "இருக்கேன்" என்றாராம். போர்வையை எடுத்துக்கொண்டு பால்கனிக் கதவைத் திறந்தாராம். கீழே கிடந்த உடலின் இரண்டு காலிலும் அட்டைகள்.

அடுத்த வாரம் ஸ்மிதா கூப்பிட்டாள். காப்பகத்துக்குப் போனேன். முகம் வெளுத்துப்போய் இருந்தாள்.

"சேச்சி, ஹாலில் நாம கேக்காத ஒண்ணு ரெக்கார்டில இருக்கு."

ஹெட்போனை என் காதில் வைத்தாள்.

"தாணுமாலையன்..." ஆறுமுகசாமியின் குரல்.

"இருக்கேன்." அதுவரை எல்லாரும் கேட்டதுதான்.

அதற்குப் பிறகு, பெரட்டு நிற்கவில்லை. வேறொரு குரல் கூப்பிட ஆரம்பித்தது. என் கணவரின் குரல்.

"ஆறுமுகசாமி..."

"இருக்கேன்." அவருடைய சொந்தக் குரலிலேயே பதில். மேடையில் அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

பிறகு இன்னொரு பெயர்.

"பிச்சையா..."

அதற்குப் பதில் இல்லை. ஏசி ஓடுகிற சத்தம் மட்டும்.

அன்று பனியில் பிச்சையா அண்ணன் எங்கேயும் தேடவில்லை, உடல் எங்கே கிடக்கிறது என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஆரா சேச்சி, இந்தப் பிச்சையா? இதை அழிச்சிடட்டா?"

"வேண்டாம்மா. எப்பவும் இருக்கும்னு நீதானே சொன்னே. இருக்கட்டும்."

நேற்று பிச்சையா அண்ணன் கடைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன்.

"விடியக்காலையில யாரோ கூப்பிடுத மாதிரியே இருக்கு தங்கச்சி. நாலு நாளாச்சு. என்ன செய்யன்னு தெரியல."

அவர் காலைப் பார்த்தேன். செருப்பு வாரின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

"பெயர் சொல்லிக் கூப்பிட்டா பதில் சொல்லணும்லா, அண்ணே" என்றேன்.